மாடியில் டிஷ் வைத்து வரும் இன்டர்நெட்: ஆபீசைச் சுற்றிப் பார்த்து வந்தவளிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர் மாவட்டத்தில் அணைக்கட்டு என்ற ஊருக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ் என்பது போர்டில் இருப்பதோடு சரி. பட்டா சிட்டா எடுப்பது, டிஎன்பிஎஸ்சி விண்ணப்பம் போடுவது, சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு அப்பாயின்ட்மென்ட் வாங்குவது, ரயில் டிக்கெட் என்று பிழைப்பு ஓடுவது இன்டர்நெட்டை நம்பித்தான். கம்பி இழுக்காமல் மாடிக்கு மாடி ரேடியோவில் நெட் கொடுக்கும் ஒரு கம்பெனி எங்கள் பக்கம் வந்து முன்பணம் கேட்டது. "ஆபீசைப் பார்த்துவிட்டுத்தான் கட்டுவேன்" என்றேன். அவர்களும் மறுக்காமல் கூட்டிப் போனார்கள். காட்பாடியில் பெரிய ஆபீஸ், பள்ளிகொண்டாவில் சின்ன ஆபீஸ், இரண்டையும் ஒரே நாளில் பார்த்தேன். அன்றிலிருந்து கடைக்கு வருகிறவர்கள் வந்த வேலையை மறந்தாலும் இதைக் கேட்க மறப்பதில்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லித் தொண்டை கட்டிவிட்டது. அதனால் எழுதி வைக்கிறேன். கம்பெனி பெயரைப் போடவில்லை. இதில் விளம்பரமும் கிடையாது, வசவும் கிடையாது.

நெட் கனெக்‌ஷன் வாங்க ஆபீசை எதற்குப் போய்ப் பார்க்க வேண்டும்? போன் பண்ணினால் வந்து போட்டுவிட்டுப் போகிறார்கள்.

போட்டுவிட்டுத்தான் போவார்கள். அப்புறம் திரும்பி வர வேண்டுமே! எனக்கு முன்பே ஒரு சூடு உண்டு. சில வருடங்களுக்கு முன் வேறொரு கம்பெனி இதே மாதிரி முன்பணம் வாங்கி மாடியில் கம்பம் நட்டது. மூணு மாசம் ஓடியது. அதற்கப்புறம் போன் எடுக்க ஆளில்லை. நேரில் போனால் அந்த முகவரியில் செருப்புக்கடை இருந்தது. அந்தக் கம்பம் இன்னும் என் மாடியில்தான் நிற்கிறது. துணி காயப்போடக் கொடி கட்டியிருக்கிறேன். அதனால்தான் இந்த முறை வேகம் எவ்வளவு, விலை எவ்வளவு என்று கேட்கும் முன்னால், போன் மணி எங்கே அடிக்கும், கரண்ட் போனால் என்ன ஓடும் என்று கண்ணால் பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன்.

இது செல்போன் நெட்டா? டிடிஎச் டிஷ் மாதிரியா? ஃபைபரா?

மூன்றும் இல்லை, மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் உண்டு. சாலையோரம் ஓடும் ஃபைபரில் நெட் பள்ளிகொண்டா வரை வருகிறது. அங்கே டவர் உச்சியில் ரேடியோக்கள், அதாவது அலையை அனுப்பி வாங்கும் பெட்டிகள். அதிலிருந்து நம் வீட்டு மாடியில் இருக்கும் சின்ன டிஷ்ஷுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் அலையில் குதிக்கிறது. மாடியிலிருந்து வீட்டுக்குள் ஒரே ஒரு நெட்வொர்க் கேபிள். அதே கேபிளில்தான் டிஷ்ஷுக்குக் கரண்டும் ஏறுகிறது. அந்த அடாப்டரை அவர்கள் பிஓஇ என்கிறார்கள். வீட்டுக்குள் வழக்கமான வைஃபை ரூட்டர்.

டிடிஎச் டிஷ் மேலே வானத்தைப் பார்க்கும். அதற்குச் சிக்னல் வருவது பூமியிலிருந்து ஏறத்தாழ 36,000 கி.மீ. உயரத்தில் இருக்கும் செயற்கைக்கோளிலிருந்து. இது நேராகப் பக்கத்து ஊர் டவரைப் பார்க்கும். அதனால் சொன்னதும் பதில் வரும். வீடியோ காலில் நாம் பேசி முடித்த பிறகு அந்தப் பக்கம் தலையாட்டும் அவஸ்தை இல்லை. (எதிர் டீக்கடைப் பெரியவர், "இன்னாமா, அந்த டிஷ்ல சீரியல் வருமா?" என்றார். நெட் வழியாகப் பார்த்தால் வரும் தாத்தா, தனியாக வராது.)

கம்பியில்லாமல் கிராமத்துக்கு நெட் கொடுப்பது நம் மாநிலத்துக்குப் புதுசும் இல்லை. சென்னை ஐஐடியில் உருவான கார்டெக்ட் என்ற முறையில் மதுரை மேலூர்ப் பக்கக் கிராமங்களில் கியாஸ்க், அதாவது சின்ன இன்டர்நெட் மையம், நடத்தியிருக்கிறார்கள். வேகம் 35 முதல் 70 கிலோபிட்தான். இன்று ஒரு போட்டோ திறக்கக்கூட அது காணாது. ஆனால் மாடியில் ஆன்டெனா, தூரத்தில் டவர் என்ற ஏற்பாடு அப்போதே இதேதான்.

காட்பாடி ஆபீசில் என்ன பார்த்தீர்கள்?

சித்தூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரம். கீழே எலக்ட்ரிகல் கடை, மாடியில் ஆபீஸ். வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். தூசி உள்ளே வரக்கூடாதாம். சுவரில் லைசென்ஸ் நகலை ஃப்ரேம் போட்டு மாட்டியிருந்தார்கள். நானாகக் கேட்டுப் படித்தேன். ஒருங்கிணைந்த லைசென்ஸ் முறையில் இன்டர்நெட் கம்பெனிகளுக்கு மூன்று பிரிவு: ஏ என்றால் நாடு முழுக்க, பி என்றால் ஒரு தொலைத்தொடர்பு வட்டம் (தாலுகா இல்லை, ஏறக்குறைய ஒரு மாநில அளவு), சி என்றால் அதற்குள் ஒரு சின்னப் பகுதி. எந்தப் பிரிவு என்பது எனக்கு முக்கியமில்லை. லைசென்ஸில் இருக்கும் பெயரும் ரசீதில் இருக்கும் பெயரும் ஒன்றா என்று பார்ப்பதுதான் முக்கியம். ஒன்றாகத்தான் இருந்தது.

உள்ளே மூன்று பெண்பிள்ளைகள் ஹெட்செட் போட்டுப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் சுவரில் பெரிய திரை. வேலூர், அணைக்கட்டு, குடியாத்தம், கே.வி.குப்பம் என்று வரைபடம், அதில் பச்சைப் புள்ளிகளும் கோடுகளும். கோடு சிவப்பானால் லிங்க் டவுன், அதாவது அந்த இணைப்பு அறுந்திருக்கிறது. நான் நின்ற நேரத்தில் ஒன்று சிவப்பாகி, ஒரு நிமிடத்தில் மறுபடி பச்சையானது. "என்னம்மா ஆச்சு?" என்றேன். "கரண்ட் கட்கா. அந்த வீட்டுக்காரர் யூபிஎஸ் வைக்கல" என்று திரையைப் பார்க்காமலே சொன்னது அந்தப் பொண்ணு. எந்தப் புள்ளி யார் வீடு என்று மனப்பாடமாக இருந்தது. எனக்குப் பாதி நம்பிக்கை வந்தது அங்கேதான்.

வந்த பாதியும் சர்வர் அறையில் போகப் பார்த்தது. ஏசி போட்ட சின்ன அறை, இரண்டு ரேக், நீல நிற வயர்கள் ஜடை பின்னின மாதிரி. எல்லாம் சரி, ஆனால் தரையில் தண்ணீர் கேன் இருந்தது. மின்சாரப் பெட்டிக்குப் பக்கத்தில் தண்ணீர் கேனா என்று கேட்டேன். கூட்டிப் போனவர் முகம் சுருங்கி, அவரே தூக்கிக்கொண்டு போய் வெளியே வைத்தார்.

பள்ளிகொண்டா ஆபீஸ்?

ஆபீஸ் என்று சொல்வதே அதிகம். ஒரு அறை, ஒரு மேசை, கேபிள் சுருள்கள், ஜிஐ பைப்புகள், மூலையில் ஏணி. பின்பக்கம் டவர். ஆனால் கனெக்‌ஷன் வாங்குகிறவர்கள் பார்க்க வேண்டியது இதைத்தான். காட்பாடித் திரை எவ்வளவு அழகாக இருந்தாலும், மழை நாளில் நம் வீட்டுக்கு ஏணியோடு வரப்போவது இங்கிருக்கும் இரண்டு பையன்கள்தான்.

பேட்டரியைக் காட்டச் சொன்னேன். 12 வோல்ட் பேட்டரி நான்கைத் தொடர்ச்சியாக இணைத்து 48 வோல்ட். ஒவ்வொன்றும் 100 ஆம்பியர்-மணி. டவரில் இருக்கும் எல்லாக் கருவிகளும் சேர்ந்து ஏறத்தாழ 200 வாட் இழுக்கும் என்றான் பையன். அவன் மேசையிலிருந்த ரசீதின் பின்பக்கம் கணக்குப் போட்டேன்: 48 பெருக்கல் 100, 4,800, அதை 200-ஆல் வகுத்தால் 24 மணி நேரம். "அது பேப்பர்லதான்கா" என்று சிரித்தான். "முழுசா இறக்கினா பேட்டரி செத்துடும். பாதிதான் எடுப்போம். பன்னண்டு மணி நேரம்னு வச்சுக்குங்க."

அப்போதும் நான் விடவில்லை. அந்த அறைக்கு ஜன்னல் மேற்குப் பார்த்து இருந்தது. வேலூர் வெயில் ஊருக்கே தெரியும். இந்த வகை பேட்டரியைச் சூட்டில் வைத்தால் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் பாதியாகும் என்று என் இன்வர்ட்டர் மெக்கானிக் சொல்லித் தெரியும். "அக்னி நட்சத்திரத்துல இந்த ரூம் என்னப்பா ஆவும்?" என்றேன். "ஓனர்கிட்ட சொல்லிகினேதான் இருக்கோம்கா" என்றான். நேர்மையான பதில். அதை அவன் மறைத்திருந்தால் நான் அப்போதே பஸ் ஏறியிருப்பேன்.

எங்கள் வீட்டுக்கு வருமா? டவர் 5 கிலோமீட்டரில்தான் இருக்கிறது.

அதிகம் கேட்கப்படுவது இதுதான். தூரம் பெரிய பிரச்சினையே இல்லை. நடுவில் என்ன நிற்கிறது என்பதுதான் பிரச்சினை. இந்த அலை மலையைச் சுற்றி வளைந்து வராது. கான்கிரீட்டைத் துளைத்துக்கொண்டும் வராது. டவரைக் கண்ணால் பார்க்க முடிய வேண்டும். அவர்கள் பேச்சில், "சைட் கிளியரா இருக்கணும்."

வேலூரைப் பற்றி ஒரு கேலி உண்டே, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு என்று. மரமில்லாத மலை என்றும் சேர்த்துச் சொல்வார்கள். கோயிலுக்கு 1981-இல் ஜலகண்டேஸ்வரர் திரும்பி வந்துவிட்டார், அந்தக் கேலி பழசு. மலைதான் இந்த விஷயத்தில் நமக்கு வாய்த்தது. நம் மாவட்டத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு குன்று குறுக்கே நிற்கும். குன்றுக்கு இந்தப் பக்கத் தெருவில் நெட் பறக்கும், அந்தப் பக்கத் தெருவில் பூஜ்யம். அதே குன்றின் மேல் ஒரு கம்பம் வைத்தால் இரண்டு பக்கமும் கிடைக்கும். அதற்கு யாருடைய இடம், யார் அனுமதி, கரண்ட் எப்படி மேலே போகும் என்று ஆயிரம் தொல்லை. ஜவ்வாது மலை அடிவாரம், ஒடுகத்தூருக்கு உள்ளே இருக்கிறவர்கள், சர்வே பண்ணாமல் ஒரு பைசா கொடுக்காதீர்கள்.

டவர் தெரிந்தால் மட்டும் போதாது. எனக்கு அங்கேதான் ஒரு புது விஷயம் தெரிந்தது. அலை கயிறு மாதிரி ஒல்லியாகப் போவதில்லை. இரண்டு முனையிலும் ஒல்லி, நடுவில் உப்பல், தவில் மாதிரி. 5 கி.மீ. தூரத்துக்கு, 5.8 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு, நடுவில் அந்த உப்பலின் ஆரம் 8 மீட்டர். அதில் 60 சதவீதமாவது, அதாவது ஏறக்குறைய 5 மீட்டர், காலியாக இருக்க வேண்டும். ஆகவே டவரையும் வீட்டையும் இணைக்கும் நேர்கோட்டுக்கு 2 மீட்டர் கீழே ஒரு கல்யாண மண்டபத்தின் மாடி இருந்தால், கண்ணுக்கு டவர் பளிச்சென்று தெரியும், நெட் மட்டும் இழுத்துக்கொண்டு கிடக்கும். "டவர் தெரியுதே, அப்புறம் ஏன் ஸ்லோ?" என்பவர்களுக்குப் பதில் அந்தத் தவில்தான்.

சர்வேக்கு வந்தபோது பையன்கள் செய்தது எளிய வேலை. ஒருவன் டவரில் ஏறி முகம் பார்க்கும் கண்ணாடியை வெயிலில் காட்டினான். இன்னொருவன் என் மாடியில் நின்று அந்த மினுக்கலைத் தேடினான். தண்ணீர்த் தொட்டிக்கு இடதுபக்கம் நின்றால் தெரிகிறது, வலதுபக்கம் நின்றால் புளியமரம் மறைக்கிறது. கம்பம் தொட்டிக்கு இடதுபக்கம் என்று முடிவானது. ஆயிரக்கணக்கில் விலை போகும் கருவி, கடைசியில் தீர்மானித்தது பத்து ரூபாய்க் கண்ணாடி.

மரத்தை வெட்டச் சொல்வார்களா?

சொன்னால் வெட்டாதீர்கள். கம்பத்தை ஏற்றலாம், நகர்த்தலாம். இலை முழுக்கத் தண்ணீர்தான், அதனால் அலையைக் குடித்துவிடும். மழை பெய்து நனைந்த மரம் இன்னும் மோசம். தென்னை இன்னொரு வகைத் தொல்லை: காற்றில் மட்டை ஆட ஆட, சிக்னலும் கூடவே ஆடும். சர்வேயை வேப்பமரம் இலை உதிர்த்த சமயத்தில் செய்துவிட்டு, துளிர்த்த பிறகு திண்டாடியவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள்.

மழை பெய்தால் நின்றுவிடுமா?

டிடிஎச் படம் மழையில் போவதைப் பார்த்துப் பழகியதால் எல்லாரும் கேட்கிறார்கள். டிடிஎச் வருவது 11, 12 கிகாஹெர்ட்ஸ் அலையில். அதற்கு மழை எதிரி. 5 கிகாஹெர்ட்ஸில் மழைத்துளியால் போகும் நஷ்டம் மிகச் சின்னது, நம்ம ஊர்த் தூரங்களுக்குப் பொருட்படுத்த வேண்டியதில்லை. ஐப்பசி மழையில் என் நெட் நின்றது உண்மைதான். ஆனால் காரணம் மழை இல்லை. மாடியில் கேபிள் ஜாயின்டுக்குள் தண்ணீர் இறங்கியிருந்தது. கேபிளை டிஷ்ஷுக்குள் செருகும் முன் கீழ்நோக்கி ஒரு வளையம் விட்டிருந்தால் தண்ணீர் அங்கேயே சொட்டிப் போயிருக்கும். மாட்டும்போது பக்கத்தில் நின்று அந்த வளையத்தைக் கேட்டு வாங்குங்கள்.

டிஷ் மாட்டும்போது "மைனஸ் ஐம்பத்தெட்டு, மைனஸ் அறுபத்தஞ்சு" என்று கத்துகிறார்களே, அது என்ன?

அது டிபிஎம், சிக்னல் பலம். மைனஸ் கணக்கு என்பதால் எண் சின்னதாக இருந்தால் நல்லது. மைனஸ் 50, 60-களில் இருந்தால் நிம்மதி. மைனஸ் 75 என்றால் தடுமாற்றம். மைனஸுக்குப் பின்னால் வரும் எண் 3 கூடினால் பலம் பாதி, 10 கூடினால் பத்தில் ஒரு பங்கு. மைனஸ் 60-க்கும் மைனஸ் 70-க்கும் கொஞ்சம்தானே வித்தியாசம் என்று ஏமாறக்கூடாது.

என் மாடியில் நடந்ததைச் சொல்கிறேன். பையன் கிளாம்ப்பைத் தளர்த்தி, டிஷ்ஷின் விளிம்பை ஒரு விரலால் தள்ளினான். மொபைலில் 79. இன்னும் ஒரு நூல், 71. அப்புறம் 69, திரும்ப 74. "அவ்வளவுதானா?" என்றேன். "இது பொய்ச் சிக்னல்கா" என்றான். டிஷ் நேர் எதிரே மட்டும் பார்ப்பதில்லை, கடைக்கண்ணாலும் கொஞ்சம் பார்க்குமாம். அந்தக் கடைக்கண் சிக்னலை உச்சம் என்று நினைத்து முடுக்கிவிட்டுப் போகிறவர்கள் நிறைய. அவன் இன்னும் திருப்பினான். 66, 61, 58, மறுபடி 63. பின்னால் வந்து 58-இல் நிறுத்தினான். நட்டை முடுக்கும்போதே 60-க்குப் போனது. தளர்த்தி, கொஞ்சம் எதிர்ப்பக்கம் தள்ளி வைத்து முடுக்கினான். முடுக்கி முடித்தபோது 58-இல் வந்து நின்றது. வடை சுடுகிறவர்கள் எண்ணெய்ச் சூடு பார்க்கிற மாதிரி, கை சொல்லும் வேலை. அந்த எண்ணைக் கம்பத்திலேயே மார்க்கரால் எழுதி வைக்கச் சொன்னேன். நீங்களும் எழுதச் சொல்லுங்கள். பின்னால் சண்டை போட ஆதாரம்.

50 எம்பி பிளான் போட்டால் 50 எம்பி வருமா?

முதலில் எந்த எம்பி என்று பார்க்க வேண்டும். பிளானில் சொல்வது மெகாபிட். டவுன்லோடு ஆகும்போது திரையில் தெரிவது பெரும்பாலும் மெகாபைட். 8 பிட் ஒரு பைட். 50 மெகாபிட் என்றால் ஒரு நொடிக்கு 6.25 மெகாபைட். இதிலேயே பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

மீதிச் சண்டை சாயங்காலம் ஏழரை மணிக்கு வரும். டவரில் நம் பக்கம் பார்க்கும் ஒரு ரேடியோவைப் பல வீடுகள் பங்கு போடுகின்றன. தெருக் குழாய் மாதிரி: விடிகாலையில் போனால் குடம் சட்டென்று நிறையும், ஏழு மணிக்குப் போனால் வரிசை. அந்த ரேடியோ ஒரே நேரத்தில் ஒருத்தர் குடத்தில்தான் ஊற்றும், கண் இமைக்கும் நேரத்தில் அடுத்தவரிடம் போகும். வரிசையில் ஒருத்தர் ஓட்டைக் குடத்தோடு வந்தால், அதாவது மைனஸ் 78-இல் தடுமாறும் ஒரு வீடு இருந்தால், அவருக்கு ஊற்றும் நேரம் கூடி எல்லாருக்கும் தாமதம். அதனால் பலவீனமான வீட்டுக்கு "முடியாது" என்று சொல்லத் தெரிந்த கம்பெனிதான் நல்ல கம்பெனி. நான் காட்பாடியில் கேட்ட கேள்வி: "எங்கள் பக்க ரேடியோவில் இப்போது எத்தனை வீடு? எத்தனையோடு நிறுத்துவீர்கள்?" முதல் பாதிக்கு உடனே பதில் வந்தது, இரண்டாம் பாதிக்கு இருமல் வந்தது.

ட்ரையல் கேளுங்கள். பகலில் வேகம் பார்த்துக் கையெழுத்துப் போடாதீர்கள். ஐபிஎல் மேட்ச் ஓடும் ராத்திரியில் பாருங்கள். "பிராட்பேண்ட்" என்று பெயர் வைக்க அரசு சொல்லும் குறைந்தபட்ச வேகம் 2023 ஜனவரியிலிருந்து 2 மெகாபிட். அதற்கு முன் 512 கிலோபிட்டாக இருந்தது. ஆகவே அந்தச் சொல்லை மட்டும் நம்பி ஒன்றும் ஆகாது.

அலைக்கு லைசென்ஸ் வேண்டாமா? போலீஸ் கேஸ் ஆகுமா?

ஆகாது. 5 கிகாஹெர்ட்ஸில் பெரும்பகுதியை 2018 அக்டோபரில் மத்திய அரசு லைசென்ஸ் தேவையில்லாத அலையாக அறிவித்தது. சக்திக்கு மட்டும் வரம்பு உண்டு. இது நல்லதும் கெட்டதும். கம்பெனி அலைக்குக் கோடிக்கணக்கில் ஏலம் எடுக்க வேண்டியதில்லை, அதனால் சின்ன ஊருக்கும் வருகிறது. ஆனால் பக்கத்துக் கம்பெனியும் அதே அலையில் நிற்கலாம், யாரும் தட்டிக் கேட்க முடியாது. இரைச்சல் கூடினால் வேறு சேனலுக்கு மாற்றுவார்கள். அலைக்குத்தான் லைசென்ஸ் வேண்டாம், இன்டர்நெட் சேவை விற்பதற்கு லைசென்ஸ் வேண்டும். அந்த ஃப்ரேம் அதற்குத்தான்.

பிள்ளைகள் இருக்கிற வீடு. கதிர்வீச்சு?

இது எக்ஸ்ரே வகைக் கதிர் இல்லை. வீட்டு வைஃபை வகை. டிஷ் மாடியில் இருக்கிறது, அது பார்ப்பதும் வெளியே. செல்போன் டவர்களுக்கு இந்தியா 2012 செப்டம்பரிலிருந்து சர்வதேச வரம்பில் பத்தில் ஒரு பங்கைத்தான் அனுமதிக்கிறது. மொட்டைமாடியில் பிள்ளைகளைப் பற்றிக் கவலைப்படுவதாக இருந்தால், கைப்பிடிச் சுவர் உயரத்தைப் பாருங்கள்.

குரங்கு?

சிரிக்காதீர்கள், மலையோரத்தில் இருக்கிறவர்களுக்கு இதுதான் முதல் கேள்வி. குரங்கு டிஷ்ஷை ஒன்றும் செய்வதில்லை, கேபிளைக் கடிக்கிறது. பள்ளிகொண்டாப் பையன்கள் மேசையில் கடிபட்ட கேபிள் துண்டுகளைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். பல் தடம் அப்படியே தெரிகிறது. கேபிளை பிவிசி பைப்புக்குள் விடச் சொல்லுங்கள். இடிக்குக் கம்பத்தை எர்த் பண்ணச் சொல்லுங்கள். பைப் காசும் எர்த் காசும் யாருடையது என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள். மழை இடியோடு வரும்போது அடாப்டரைப் பிடுங்கிவிடுவது என் பழக்கம். அவர்களும் அதையே சொன்னார்கள்.

கடையில் கேமரா வைத்திருக்கிறேன். வெளியூரிலிருந்து பார்க்க முடியுமா?

செல்போன் ஆப் வழியாக கம்பெனி சர்வரில் ஏறி வரும் கேமரா என்றால் முடியும். கேமரா படத்தைப் பதிவு செய்யும் பழைய டிவிஆர் பெட்டியை நேரடியாக ஐபி முகவரி போட்டுப் பார்க்கிறவர் என்றால் முடியாது. காரணம், பழைய வகை ஐபி முகவரிகள் தீர்ந்துபோய், ஒரே முகவரியைப் பல வீடுகளுக்குச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். வெளியிலிருந்து தட்டினால் எந்த வீட்டுக் கதவைத் திறப்பது என்று அதற்குத் தெரியாது. தனி முகவரி வேண்டுமானால் மாதம் கூடுதல் கட்டணம். ஆம்பூர் தோல் கம்பெனியில் வேலை செய்யும் என் தம்பிக்கு இந்தச் சிக்கல் வந்து, அவன் கேமராவையே மாற்றிவிட்டான்.

ஏர்ஃபைபர் என்று பெரிய கம்பெனிகள் தருகிறார்களே? பஞ்சாயத்து ஃபைபரும் வரப்போகிறதாமே?

ஏர்டெல், ஜியோ இரண்டும் 2023-இல் ஏர்ஃபைபரை ஆரம்பித்தன. அதுவும் மாடியில் பெட்டி வைப்பதுதான், ஆனால் ஏலத்தில் எடுத்த 5ஜி அலையில், செல்போன் டவரிலிருந்து வருவது. வேலூர், சத்துவாச்சாரி, காட்பாடியில் இருப்பவர்கள் அதையும் ஒரு முறை கேட்டுப் பார்க்கலாம். அவர்கள் ஆபீசைச் சுற்றிப் பார்க்கத்தான் முடியாது. தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் ஃபைபர் கொண்டு போகும் வேலையை மாநில அரசின் ஃபைபர்நெட் கழகம் எடுத்திருக்கிறது. ஊராட்சி அலுவலகம் வரை வருவது வேறு, உங்கள் வாசல் வரை வருவது வேறு. வாசலுக்கு ஃபைபர் வந்துவிட்டால் யோசிக்காமல் அதை எடுங்கள். என் கருத்தை மறைக்காமல் சொல்கிறேன்: ஃபைபர் வருகிற இடத்தில் ரேடியோ வேண்டாம். ஃபைபர் வராத இடத்தில், வரும் வரும் என்று வருடக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டாம்.

பணம், பேப்பர்?

ஆதார் மாதிரி ஒரு அடையாளச் சான்று, முகவரிச் சான்று, போட்டோ. மாதக் கட்டணத்தின் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. சொல்லும் விலை அதோடு சேர்த்தா என்று கேளுங்கள். முன்பணம் திரும்ப வருமா, டிஷ் யாருடையது என்ற இரண்டையும் ரசீதில் எழுதி வாங்குங்கள். நான் எழுதச் சொன்னதும், "சொன்னா நம்ப மாட்டீங்களாக்கா" என்றார் பணம் வாங்க வந்தவர். என் மாடியில் துணிக்கொடி கட்டியிருக்கும் கம்பத்தைக் காட்டினேன். எழுதிக் கொடுத்தார்.

ரிப்பேர் ஆனால் வருகிறார்களா?

இதுவரை நான்கு முறை கூப்பிட்டேன். மூன்று முறை மறுநாளுக்குள் வந்தார்கள், ஒரு முறை ஐந்து நாள் ஆனது. போன் பண்ணியதும் புகார் எண் வாங்க மறக்காதீர்கள். எண் இல்லாத புகார் காற்றில் போய்விடும். தீர்வு வரவில்லை என்றால், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு 30 நாளுக்குள் எழுதலாம். அவர் 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அந்த ஐந்து நாள் தாமதத்தின்போது மேல்முறையீடு என்ற சொல்லை மட்டும்தான் உச்சரித்தேன். மறுநாள் காலை ஏணி வாசலில் நின்றது.

நாங்களும் ஆபீசைப் பார்க்கப் போகலாமா?

தாராளமாக. திங்கட்கிழமையும் மாதத்தின் முதல் வாரமும் வேண்டாம், ரீசார்ஜ் கூட்டம் இருக்கும். காட்பாடிக்கு மட்டும் போய்த் திரும்பாதீர்கள், பள்ளிகொண்டாவுக்கும் போங்கள். அங்கே அவர்கள் ஏணியை, பேட்டரியை, கடிபட்ட கேபிளைப் பாருங்கள். பத்தாம் வகுப்புப் படிக்கும் என் அண்ணன் மகளைக் கூட்டிப் போயிருந்தேன். கேபிள் முனையில் எட்டு வயரையும் நிற வரிசைப்படி அடுக்கி, கிளிப்பில் செருகி, கிரிம்பிங் கருவியால் அழுத்தும் வேலையை அவள் அங்கேயே கற்றுக்கொண்டாள். முதல் மூன்று முனைகள் வீண், நாலாவது டெஸ்டரில் எட்டு விளக்கும் எரிந்தது. இப்போது தெருவில் யார் வீட்டில் கேபிள் முனை உடைந்தாலும் அவளைத்தான் கூப்பிடுகிறார்கள்.

உங்கள் கடையில் இப்போது எது ஓடுகிறது?

இதுதான். கூடவே செல்போன் சிம்மில் ஒரு டேட்டா பேக், தத்கால் டிக்கெட் நேரத்துக்குக் காவலாக. போன மாதம் எதிர்வீட்டுக்காரர் இரண்டாம் மாடி எழுப்பினார். ஒருநாள் பிடிஎஃப் ஏறாமல் சுற்றியதும் கம்பத்தில் எழுதியிருந்ததைப் போய்ப் பார்த்தேன்: 58. ஆப்பில் 66. எண் எட்டுக் கூடியிருக்கிறது, பலம் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்காகிவிட்டது. அந்த எண் இருந்ததால் போனில் விளக்கவே வேண்டியிருக்கவில்லை. வியாழக்கிழமை 2 மீட்டர் ஜிஐ பைப்போடு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். புகார் எண் காலண்டரில் எழுதியிருக்கிறது.